பாட்டி பூ கட்டட்டும், விடுங்க

இது கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. பூஜை நேரம், அன்னதான உபயம் பற்றிய அறிவிப்பு இல்லை. ஆலயத் தொண்டூழியர்கள் நாங்கள் சில பேர் சேர்ந்து, பல வாரமாகப் பேசிப் பேசி, எங்கள் சொந்தக் கருத்தாக எழுதுகிறோம். நிர்வாகத்தின் அறிவிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். போன மாதக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களை மடப்பள்ளி வேலை, பூ கட்டுவது, மண்டபம் கூட்டுவது எதிலும் இனிமேல் சேர்க்க வேண்டாம். மாலைகளைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். வயசானவங்க வந்தா நாற்காலியில் உட்கார்ந்து சாமி கும்பிட்டுட்டுப் போகட்டும். இதுதான் யோசனை. சொன்னவர்கள் யாரும் கெட்ட மனசோடு சொல்லவில்லை. வர்ற பெரியவங்கள்ல பாதிப் பேருக்கு இடுப்பு வலி. குனிஞ்சா நிமிர முடியல. ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது? அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்த யோசனையை நிர்வாகம் ஏற்கக்கூடாது என்பது எங்கள் கருத்து. அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பதற்கு முன்னால் எல்லோரும் இதைப் படித்துவிட்டு யோசிக்க வேண்டும்.

முதலில், நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். நம் ஆலயத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூண் ஓரமா உட்கார்ந்து பூ கட்டுற அம்மாமார்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். விடியறதுக்கு முன்னால பெரட்டுக்குப் போய், பால்மரத்துக்கு மரம் குனிஞ்சு நிமிர்ந்து வெட்டி, நிறைஞ்ச பால் வாளியைத் தூக்கிட்டு மேட்டிலயும் பள்ளத்திலயும் நடந்தவங்க. வீட்டுக்கு வந்து தண்ணி தூக்கி, துணி துவைச்சு, பிள்ளைகளை வளர்த்தவங்க. அப்போது வலி இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் போனார்கள். அந்தக் கஷ்டத்தைப் பெருமையாக்க நாங்கள் விரும்பவில்லை, அது கூலிக்காகப் பட்ட பாடு. ஆனால் அந்த உடம்பு என்ன என்ன செய்தது என்பதை அவர்களே இன்றைக்கு மறந்துபோய், ஒரு பூக்கூடையைத் தூக்கினால் முதுகு உடைந்துவிடும் என்று பயப்படுகிறார்களே, அதுதான் எங்களை யோசிக்க வைத்தது.

இந்தப் பயம் ஒரே நாளில் வருவதில்லை. வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதலில் நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்றியவர் மூன்றோடு நிறுத்துவார். பிறகு கொடிமரத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடுவதை விட்டுவிடுவார். கேட்டா, "இல்லப்பா, குனிஞ்சா பிடிச்சிக்கும்" என்பார். கவனிச்சீங்களா? பிடிச்சிக்கிச்சு என்று சொல்லவில்லை, பிடிச்சிக்கும் என்கிறார். வரப்போகிற வலிக்குப் பயந்து குனியாமல் நிற்கிறார். அடுத்து தரையில் உட்காருவது நிற்கும். அன்னதானத்துக்குப் பந்தியில் உட்கார்ந்தவர் மேசை தேடுவார். அதுவும் பரவாயில்லை. பிறகு, "கார்ல ஏறி இறங்கறதுக்கே பயமா இருக்கு, நீங்களே அர்ச்சனை பண்ணி பிரசாதம் கொடுத்து விட்ருங்க" என்று மகளிடம் காசு வரும். கடைசியில் அதுவும் நின்று, கைப்பேசியில் நேரடி ஒளிபரப்பு மட்டும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டு ஆலயக் கதவுகள் மூடினபோது வீட்டோடு இருந்து பழகியவர்கள் சிலர், கதவு திறந்த பிறகும் திரும்பி வரவே இல்லை. கேட்டால் கோவிட் பயம் என்று சொல்லவில்லை. இடுப்பு சரியில்லை என்றுதான் சொன்னார்கள். மாதக்கணக்கில் நடக்காமல் இருந்த இடுப்பு எப்படிச் சரியாக இருக்கும்?

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயரே இருக்கிறது: கினீசியோபோபியா. அசைந்தால் அடிபட்டுவிடும், வலி திரும்பிவிடும் என்ற அளவுக்கு மீறிய பயம். 1990 வாக்கில் வந்த சொல் இது. இதை அளக்க 17 கேள்வி கொண்ட ஒரு அளவுகோலும் இருக்கிறது, அமெரிக்காவில் டாம்பா என்ற ஊரின் பெயரில். உடம்பு எவ்வளவு வளைகிறது என்று அது கேட்பதில்லை. வலியைப் பற்றி நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்று கேட்கிறது. வலி என்றாலே உள்ளே ஏதோ சேதம் என்று நினைக்கிறீர்களா, நகராமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்களா, இந்த மாதிரி. வலியின் கடுமை ஒன்று. அந்த வலியைப் பற்றிய பயம் வேறொன்று. ஒரே அளவு வலி இருக்கும் இரண்டு பேரில், பயம் அதிகம் உள்ளவர்தான் சீக்கிரம் முடங்குகிறார்.

அது எப்படி நடக்கிறது என்பதை ஆய்வாளர்கள் பிளேயன், லின்டன் இருவரும் 2000-இல் ஒரு வட்டமாக விளக்கினார்கள். அதைப் பெரிய வார்த்தை இல்லாமல் சொல்கிறோம். வலி வருகிறது. ஐயோ, ஏதோ பெரிசா ஆயிடுச்சு என்று மனம் பதறுகிறது. பதறியதால் அசைவதைக் குறைக்கிறோம். குறைத்ததால் தசை இளைக்கிறது, மூட்டு இறுகுகிறது, வெளியே போவது குறைந்து மனமும் சோர்கிறது. இளைத்த உடம்புக்குச் சின்ன வேலைகூட பாரமாகி, வலி இன்னும் எளிதாக வருகிறது. பார்த்தியா, நான் சொன்னேன்ல, என்று பயம் இன்னும் உறுதியாகிறது. சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து. பிரகாரத்தைச் சுற்றுவதை விட்டவர்கள் இந்தச் சுற்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வயசானவர்களுக்கு இந்தச் சுற்று வேகமாக ஓடும். 25 வயசுப் பையன் பத்து நாள் படுத்தால் பிறகு எழுந்து பந்து விளையாடப் போய்விடுவான். பெரியவர்களின் கணக்கு வேறு. 2007-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், நோய் எதுவும் இல்லாத, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. ஒரு கிலோ! நம் பாட்டிக்குக் காலில் மொத்தம் எவ்வளவு தசை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "ஒரு ரெண்டு வாரம் எழுந்திருக்காம ரெஸ்ட் எடும்மா" என்று அன்பாகச் சொல்கிறோமே, அதற்கு இதுதான் விலை.

படுக்கை ஓய்வு மருந்து இல்லை என்பது புதுச் செய்தியும் இல்லை. 1986-லேயே அமெரிக்காவில் முதுகு வலியோடு வந்த 203 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை 2 நாளும் இன்னொரு பிரிவை 7 நாளும் படுக்கச் சொன்னார்கள். அதிக நாள் படுத்தவர்கள் அதிகமாகக் குணமாகவில்லை, விடுப்பு எடுத்த நாள்தான் அதிகம். 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், முடிந்த அளவு வழக்கமான வேலையைச் செய்துகொண்டே இருந்தவர்கள்தான் படுத்தவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். இவ்வளவு வருஷம் ஆகியும் நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. வாட்ஸ்அப்பில் வேறெல்லாம் வந்து சேருகிறது.

அடுத்தது எக்ஸ்ரே, எம்ஆர்ஐ கதை. பயத்துக்கு உரம் போடுவதே இதுதான் என்று எங்களில் சிலருக்குத் தோன்றுகிறது. ஒரு கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்து, "எலும்பு தேஞ்சு போச்சு, டிஸ்க் வீங்கியிருக்கு, இனிமே குனியாதீங்க, தூக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். அந்த அம்மா அன்றையிலிருந்து கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடக்க ஆரம்பித்துவிடுவார். அந்தப் படத்தைப் பெரிய உறையில் போட்டு, ஆலயத்துக்குக் கொண்டுவந்து, குருக்கள் ஐயாவிடம் காட்டி அழுதவர்கள் உண்டு. ஆனால் தேய்மானம் என்ற சொல் கேட்கிற அளவுக்குப் பயங்கரமானதில்லை. 2015-இல், வலி எதுவுமே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் படங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம். எண்பது வயதுக்காரர்களில் 96 விழுக்காடு. டிஸ்க் வீக்கம் எண்பது வயதில் 84 விழுக்காட்டினருக்கு. திரும்பவும் சொல்கிறோம், இவர்களுக்கெல்லாம் முதுகு வலியே கிடையாது. அப்படியென்றால் பாட்டியின் படத்தில் தேய்மானம் தெரிவது, அவர் தலையில் நரை தெரிவது மாதிரிதான் பெரும்பாலும். நரையைப் பார்த்து யாரும் தலையை அசைக்காதே என்று சொல்வதில்லை.

"டிஸ்க் விலகிடுச்சு" என்ற பேச்சும் அப்படித்தான். கேரம் போர்டு காய் மாதிரி அது நழுவி வெளியே போய்விடாது. மேலும் கீழும் உள்ள எலும்போடு இறுக்கமாகப் பிணைந்தே இருக்கிறது. உள்ளிருக்கும் பாகம் பிதுங்கி நரம்பைத் தொட்டால் காலுக்கு வலி இறங்கும், உண்மைதான். அதிலும் பெரும்பாலானவை அறுவை சிகிச்சை இல்லாமலே அடங்குகின்றன. மொத்தத்தில் இடுப்பு வலிகளில் 90 விழுக்காடு, இன்ன உறுப்பில் இன்ன கோளாறு என்று கைகாட்ட முடியாத வகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைகாட்ட முடியவில்லை என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. வலி நிஜம். ஆனால் உள்ளே எதுவும் உடைந்துகொண்டிருக்கவில்லை.

வலி என்பது எச்சரிக்கை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆலயத்து சமையல் கூடத்தில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதே, ஊதுபத்திக்கே கத்துகிறது. தைப்பூசத்துக்கு முந்தின இரவு சாம்பிராணி போட்டதும் கத்தினது எல்லோருக்கும் நினைவிருக்கும். நெருப்பு இல்லை, மணிதான் கூச்சப்பட்டுவிட்டது. நாள்பட்ட வலியும் பல பேருக்கு அப்படித்தான். பயமும் தூக்கமின்மையும் கவலையும் சேரச் சேர அந்த மணி இன்னும் சீக்கிரம் அடிக்கும்.

எல்லா வலியையும் இப்படித் தள்ளிவிடச் சொல்கிறோம் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். இதைக் கொட்டை எழுத்தில் போட்டதாக நினைத்துப் படியுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கிலும் உட்காரும் இடத்திலும் மரத்துப்போவது, காலில் திடீரென்று பலம் குறைவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவர்கள், விழுந்த பிறகு வந்த வலி, ராத்திரியில் படுத்தாலும் அடங்காத வலி, இவையெல்லாம் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டியவை. எலும்பு மெலிந்த பெண்களுக்கு, ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு, பலமாகத் தும்மினாலே முதுகெலும்பில் நசுங்கல் ஏற்படலாம். அதனால் முதலில் ஒரு முறை நல்ல டாக்டரிடம் காட்டி, ஆபத்தான வகை இல்லை என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தெளிவான பிறகும் நாற்காலியோடு இருப்பதுதான் நமக்கு வேண்டாத வேலை.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறோம். இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. எழுதிவிடுவது என்று முடிவாயிற்று.

நம் பெரியவர்கள் அசையாமல் இருப்பதற்கு அவர்கள் பயம் மட்டும் காரணமில்லை, நம் பயமும்தான். மாமியார் துடைப்பம் எடுத்தால் மருமகளுக்குப் பதட்டம். அவருக்கு வலிக்குமே என்பது பாதி. பக்கத்து வீட்டில் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்பது மீதி. "வயசான காலத்துல மாமியாரை வேலை வாங்குறா பாரு" என்ற ஒரு பேச்சு போதும். அந்தப் பேச்சுக்குப் பயந்து மருமகள் துடைப்பத்தைப் பிடுங்கி, உட்காருங்கம்மா என்கிறார். மகன் வெளிநாட்டிலிருந்து போன் செய்து, "அம்மா சும்மாதானே இருக்காங்க?" என்று கேட்கிறார். சும்மா இருந்தால் அவருக்கு நிம்மதி. ஆலயத்துக்கு வந்தால் இங்கேயும் அதே உபசாரம். பாட்டி பார்த்து, பாட்டி குனியாதீங்க, பாட்டி விடுங்க நாங்க தூக்கறோம். ஒரு நாளைக்கு இருபது தடவை, நீ உடைந்துபோவாய், நீ உடைந்துபோவாய் என்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தால், அவர் நம்பாமல் என்ன செய்வார்?

பேசும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுபது வயசு அம்மா வீட்டு வாசலில் கோலம் போட்டால், அந்த மருமகளைப் பற்றித் தப்பாகப் பேசாதீர்கள். அவர் தன் மாமியாரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. பிரியமாக இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது பக்கத்தில் நிற்பது, கையில் இருப்பதைப் பிடுங்குவது இல்லை.

மக்கள் நம்பிக்கை மாறினால் வலியால் முடங்குவதும் குறையும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997-இல் தொலைக்காட்சி விளம்பரம் போட ஆரம்பித்தார்கள். முதுகு வலியா, படுத்துக்கிடக்காதே, நடமாடு, வேலையை விடாதே என்பதுதான் செய்தி. டாக்டர்களும், தொலைக்காட்சியில் முகம் தெரிந்தவர்களும் வந்து பேசினார்கள். சில வருஷத்தில் பொதுமக்களின் எண்ணம் மாறியது, மருத்துவர்களின் எண்ணமும் மாறியது, முதுகு வலிக்காக இழப்பீடு கேட்பதும் குறைந்தது. அந்த விளம்பரம் போடாத பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் அந்த மாற்றம் எதுவும் இல்லை. மருந்து இல்லை, ஊசி இல்லை, பேச்சு மட்டும். நம் ஆலயத்தில் வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் வாகன எண் சொல்லி காரை நகர்த்தச் சொல்கிறோமே, அந்த ஒலிபெருக்கியில் இதையும் இரண்டு நிமிஷம் சொல்லலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்றே, முதியவர்களையும் சேர்த்து, முதன்முறையாக வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி, 2050-க்குள் 84.3 கோடி ஆகலாம் என்பது அவர்கள் கணக்கு. என்ன செய்யச் சொல்கிறார்கள்? வலியைப் பற்றிப் புரியவைப்பது, உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மனநல உதவி, சிலருக்கு மசாஜ் போன்றவை, சில வலி மாத்திரைகள். எதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள் தெரியுமா? இடுப்பு பெல்ட். நம் ஆலயத்தில் புடவைக்கு மேலே கட்டிக்கொண்டு வருகிற அதே பெல்ட். எடை தொங்கவிட்டு இழுக்கும் வைத்தியமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பெல்ட்டாவது நூறு வெள்ளிக்குள் போய்விடும். மண்டபத்தில் முதியோருக்கு இலவச உடல் பரிசோதனை என்று சொல்லிக்கொண்டு வந்து, காந்த மெத்தையை ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விற்கப் பார்த்தவர்கள் உண்டு. பெயர் வேண்டாம். "படுத்தாலே போதும், முதுகெலும்பு தானா நேராகிடும்" என்று சொன்னார்கள். இபிஎஃப் பணத்தில் மிச்சம் இருந்ததைக் கொடுக்கத் தயாராக இருந்தார் ஒரு தாத்தா. அவருக்குத் தேவைப்பட்டது மெத்தையே இல்லை, அதிலிருந்து எழுந்து நடக்கத் தைரியம்.

மாத்திரை பற்றி ஒரு வரி. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வலி மாத்திரையைக் கடையில் தாங்களே வாங்கி நாள் கணக்கில் விழுங்க வேண்டாம். டாக்டரையோ மருந்தாளரையோ கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சரி, ஆலயத்தில் என்ன செய்யலாம்? எங்கள் கருத்தில், நம் ஆலயத்தைவிட நல்ல பயிற்சிக்கூடம் பெரியவர்களுக்குக் கிடையாது. ஜிம்முக்குப் போகச் சொன்னால் எந்தப் பாட்டி போவார்? பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடச் சொன்னால் தானாகப் போடுவார். தோப்புக்கரணம் போட்டால் மூளை வளரும் என்று சுற்றும் வீடியோ பற்றி எங்களுக்குப் பேச்சில்லை. தொடைக்கும் இடுப்புக்கும் அது நல்ல வேலை, அவ்வளவுதான். முட்டி வலி உள்ளவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்வாசி இறங்கினால் போதும், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். பிரகாரம் சுற்றுவது நடைப்பயிற்சி. பெண்கள் முழங்கால், கை, தலை தரையில் பட வணங்கும் பஞ்சாங்க நமஸ்காரத்தில், தரைக்குப் போவதும் தரையிலிருந்து எழுவதும் அடங்கியிருக்கிறது. தனியாக இருக்கும்போது விழுந்துவிட்டால் எழுந்திருக்கத் தெரிய வேண்டுமே, அதற்கு இதைவிட ஒத்திகை என்ன இருக்கிறது?

ஆனால் பல வருஷமாக விட்டவரை ஒரே நாளில் விழுந்து கும்பிடச் சொல்லக்கூடாது. சின்னச் சின்னதாகத்தான். ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறோம். 72 வயது. ஒன்றரை வருஷம் தரையில் உட்காராதவர். மகள் அரசாங்க கிளினிக் டாக்டரிடம் காட்டி, கடிதம் வாங்கி, மருத்துவமனை பிசியோவுக்கு அனுப்பினார். அங்கே சொல்லிக்கொடுத்த மாதிரியே இங்கே செய்தோம். முதல் மூன்று வாரம் நாற்காலியில் உட்கார்ந்துதான் பூ கட்டினார். பிறகு ஒரு உயரமான முக்காலி. அடுத்து, சாமி பலகை மாதிரி தாழ்வான ஒன்று. இடையில் ஒரு நாள் வலி கூடியது. வீட்டில் எல்லோரும் போதும் என்றார்கள். பிசியோ, மறுநாளைக்குள் வலி பழையபடி இறங்கிவிட்டதா என்று மட்டும் கேட்டார். இறங்கியிருந்தது. அப்படியென்றால் சேதம் இல்லை, அளவைக் கொஞ்சம் குறைத்துத் தொடருங்கள் என்றார். நாலாவது மாதம் தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்து, நாற்காலியைப் பிடித்து எழுந்தார். நாங்கள் நாலு பேர் கை நீட்டிக்கொண்டு நின்றோம், ஒருவர் கையையும் அவர் தொடவில்லை. வலி முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. மழை நாளில் இன்னும் இருக்கிறது என்கிறார். ஆனால் வலியோடு இருக்கத் தெரிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறார்.

எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டோம். சிலருக்குத் தரை கடைசி வரை முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கட்டும், விபூதிப் பொட்டலம் மடிக்கட்டும், நின்றுகொண்டு தேங்காய்த் தட்டு எடுத்துக் கொடுக்கட்டும். ஏதோ ஒரு வேலை, ஏதோ ஒரு பொறுப்பு. வயதை வைத்துக் கோடு போடுவதைத்தான் எதிர்க்கிறோம். 60 வயதில் முடியாதவரும் உண்டு, 80-இல் பத்துமலை 272 படியும் ஏறி இறங்குபவரும் உண்டு.

விழுந்துவிடுவார்களே என்ற கேள்விக்கு வருகிறோம். விழுவது உண்மையான ஆபத்து, இடுப்பு எலும்பு முறிந்தால் சின்ன விஷயம் இல்லை. ஆனால் நம் ஆலயத்தில் யார் வழுக்கினாலும் எதில் வழுக்குகிறார்கள் என்று கவனியுங்கள். அபிஷேகத் தண்ணீர் ஓடும் இடம். நெய்விளக்கு மேடைக்குப் பக்கத்தில் எண்ணெய் சிந்திய தரை. கால் கழுவும் குழாயடி. அங்கே வயதானவர்கள் மட்டும் வழுக்குவதில்லை, போன வருஷம் நாதஸ்வரக்காரர் வழுக்கினார். தரையைச் சரிசெய்யாமல் ஆளை நிறுத்துவது என்ன நியாயம்? ரப்பர் விரிப்பு, குழாயடியில் கைப்பிடிக் கம்பி, வாசல் படிக்கு இரண்டு பக்கமும் பிடி, எண்ணெய் சிந்தினால் உடனே துடைக்க ஒருவர். மாலைகளைக் கடையில் வாங்க ஒரு வருஷத்துக்கு ஆகும் செலவை இதற்குப் போட்டால் போதும் என்று எங்களில் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அதோடு, அசையாமல் இருந்து கால் பலம் இழந்தவர்தான் அதிகம் விழுவார். 65 வயதுக்கு மேல் வாரம் 150 நிமிஷமாவது நடை மாதிரி மிதமான உழைப்பும், வாரத்தில் மூன்று நாளாவது கால் பலத்துக்கும் நிலைதடுமாறாமல் நிற்பதற்கும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது விழாமல் இருக்கத்தான்.

தொண்டூழியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. "குனியாதீங்க" என்பதற்குப் பதிலா "பிடிச்சிக்கிட்டு மெதுவா குனிங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள். "வலிக்குதா?" என்று வாசலிலேயே கேட்பதற்குப் பதிலாக, "இன்னிக்கு எத்தனை சுத்து?" என்று கேளுங்கள்.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது மூன்றே மூன்று. வயது வரம்பு வேண்டாம். குழாயடிக் கம்பியும் விரிப்பும் வரும் திருவிழாவுக்குள் போட வேண்டும். மாதம் ஒரு முறை, பயிற்சி பெற்ற பிசியோ ஒருவரை மண்டபத்துக்கு அழைத்து, பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கச் செய்ய வேண்டும். விற்பனைக்கு வருகிறவர்களுக்கு அன்று அனுமதி இல்லை.

கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் தங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள், அச்செடுத்துக் கொண்டுபோகிறோம். எதிர்க்கருத்து இருந்தாலும் எழுதுங்கள், அதையும் சேர்த்தே கொடுப்போம்.

வெள்ளிக்கிழமை பூ நாலரை மணிக்கு வந்துவிடும். மல்லியும் துளசியும் இருக்கும், ரோஜா இந்த வாரம் விலை அதிகம் என்பதால் குறைவு. கைப்பிடி வைத்த நாற்காலி ஆறு, முக்காலி நாலு, தரையில் பாய் இரண்டு, தூண் ஓரமாகப் போட்டு வைக்கிறோம். வர்ற பெரியவங்க எதில் உட்காருவது என்பதை அவங்களே முடிவு பண்ணட்டும். நூலும் கத்தரிக்கோலும் நாங்கள் வைத்திருக்கிறோம், மூக்குக் கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்துட்டு வாங்க.